உன் எண்ணை நான் மாற்றவில்லை

உன் போன் முந்தாநாள் அடித்தது.

நீ போன பிறகு அது வாயே திறந்ததில்லை. தினமும் காலையில் உன்னுடைய சார்ஜரில்தான் போடுகிறேன். கடைச் சார்ஜர் போட்டால் பேட்டரி ஊதிவிடும் என்று சேலத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே என்னை மிரட்டினாயே, அந்த மிரட்டலுக்கு இன்னும் பயந்துகொண்டிருக்கிறேன். காலையில் கைப்பையில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுபோகிறேன், மாலையில் திரும்பக் கொண்டுவருகிறேன். பேசாத பட்டன் போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் வேறு. வீட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

முந்தாநாள் முற்பகல், ஆபீசுக்குக் கீழே உதிரிபாகக் கடையில் எவனோ ஒரு கம்ப்ரசரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். திருச்செங்கோட்டில் அதெல்லாம் ஒரு இரைச்சலே இல்லை, உனக்குத் தெரியும். அதற்கு மேலே கேட்டது அந்தக் கீச்சுச் சத்தம், குறுஞ்செய்திக்கு என்று நீ வைத்திருந்த குருவிச் சத்தம். எதிர் மேசைப் பெண், புதிதாகச் சேர்ந்தவள், "அக்கா, உங்க பையில ஏதோ கத்துதுங்க" என்றாள். எனக்குத் தெரியாமலா? கைதான் நீளவில்லை. அந்த எண்ணுக்கு மனிதர்கள் யாரும் செய்தி அனுப்புவதில்லை. விளம்பரங்களைக்கூட நீ அடைத்து வைத்திருந்தாய். நாம் எழுதிய மென்பொருள் ஒன்றுதான் அதைத் தேடி வரும், அதுவும் ஒரே ஒரு காரணத்துக்காக.

எடுத்துப் பார்த்தேன். அடுத்தடுத்து இரண்டு செய்தி. வடக்கே, மத்தியப் பிரதேசத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்த ஒரு போர் வண்டியின் எண். அவசரம் என்று ஒரு சொல். வண்டியில் இருந்த இரண்டு பேரின் பெயர்கள். நிலை என்ற இடத்தில், இரண்டு பேருக்குமே, 'தெரியவில்லை'.

அந்தச் சொல்லை அங்கே வைத்தவளும் நீதான். நலம், காயம், இறப்பு என்று மூன்று இருந்தால் போதாதா, நாலாவதாக இது எதற்கு என்று நான் கேட்டேன். "பெரும்பாலும் இதுதான் சாமி இருக்கும்" என்றாய். உன்னைவிட இளையவளானாலும், மூத்தவளானாலும், டீ கொண்டுவருகிறவரானாலும் உனக்கு எல்லாரும் சாமி. நம் பக்கத்தில் எல்லாரும் சொல்வதுதான் என்றாலும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லாதே, மந்திரவாதி மாதிரி இருக்கிறது என்று உன்னைக் கிண்டல் செய்வேன்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒரு முறை முதலிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. முந்தாநாள் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நாம் போர் வண்டி முதலாளி ஒருவருக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். எந்த வண்டி எந்த மாநிலத்தில், யார் யார் அதில், எத்தனை அடி ஓட்டினார்கள் என்று எல்லாம் ஓரிடத்தில். அதைப் பயன்பாட்டுக்குத் திறப்பதற்கு முன்னால் அதற்குள் முதல் தகவல்களை இட வேண்டும். ஊரெல்லாம் அதை சீடிங் என்கிறது. நீ விதைப்பு என்றே சொல்வாய். அதற்கென்று நாம் தேடிப் பிடித்தது ஒரு சின்னக் கணினி மொழி. அதில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கூப்பிடு பெயர் வைக்கலாம். வேறொரு பதிவுக்கு அதிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால், மறுபடி எழுத வேண்டியதில்லை. அட் குறி போட்டு, பெயரைச் சொல்லி, ஒரு புள்ளி வைத்து, இன்ன விவரம் என்றால் போதும். அது போய் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரே விதி, கை காட்டப்படுகிற பதிவு கோப்பில் மேலே இருக்க வேண்டும். இன்னும் விதைக்காததைக் காட்ட முடியாது.

எனக்குப் பொறுமை கிடையாது. வண்டி எண்ணையோ போன் எண்ணையோ அப்படியே வெட்டி ஒட்டிவிட்டுப் போவேன். நீ என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "எழுதாத சாமி, கை காட்டு" என்பாய். எழுதினால் அது பத்து இடத்தில் பத்து நகலாகிவிடும், மூலம் மாறினால் நகல்களுக்குத் தெரியாது, அவை பழசையே சத்தியம் செய்துகொண்டு நிற்கும். கை காட்டியிருந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். இதை நீ ஒரு நாளும் இவ்வளவு நீளமாகச் சொன்னதில்லை. நான்தான் பிறகு யோசித்துக்கொண்டேன்.

சோதனைக் காலத்தில், அவசரச் செய்தி வெளியாட்களுக்குத் தவறிப் போய்விடக் கூடாது என்று, எல்லாக் குடும்பங்களின் அவசர எண்ணையும் ஒரே பதிவுக்குக் கை காட்டி வைத்திருந்தாய். கோப்பின் முதல் பதிவு. அதன் கூப்பிடு பெயர், ஆங்கில எழுத்தில், 'நேர்ல'. அதற்குள் இருந்தது உன் எண். நல்ல ஏற்பாடுதான். திறக்கும்போது அந்தந்த வீட்டு எண்ணுக்கு மாற்றிவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்?

திறந்து கொஞ்ச காலம் கழித்து, ஒரு பிற்பகல். சாப்பிட்டு முடித்து நீ டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாய். உன் பைக்குள் குருவி கத்தியது. நின்றது. மறுபடி கத்தியது. மறுபடியும். வண்டியில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று. நான் எடுத்துப் படித்ததும் எனக்குத் தலை கொதித்துவிட்டது. வண்டியின் உயரக் கம்பத்தை நிமிர்த்தும்போது மேலே போன மின்கம்பியில் பட்டிருக்கிறது. குடும்பங்களுக்குப் போயிருக்க வேண்டிய செய்தி எல்லாம் உன் பையில் கிடக்கிறது. சோதனை எண்ணை எடுக்காமலேயே திறந்துவிட்டாயா, மூளை இருக்கிறதா, அங்கே ஒருத்தன் கிடக்கிறான், அவன் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று நான் போட்ட கூச்சலில் கீழே வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தான்.

நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாய். ஒவ்வொன்றாகப் படித்தாய். கீழே நின்ற இரண்டு பேர் நலம் என்று அதற்குள் வந்துவிட்டது. வண்டி மேலே நின்ற டிரில்லருக்கு மட்டும் 'தெரியவில்லை'. அவர் வீடு சேந்தமங்கலம்.

"மறந்து உடலைங்க" என்றாய். கோபம் வந்தால் மட்டும் என்னிடம் ங்க போடுவாய். "தெரிஞ்சுதான் வெச்சேன். எந்திரி, போலாம்."

அன்று உன் ஸ்கூட்டரில், நாமக்கல் வழியாக, உன் முதுகுக்குப் பின்னால் இரண்டு போனையும் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். முதலாளியின் மேனேஜரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், அவர் எண் எந்நேரமும் பிஸியாகவே இருந்தது. அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம், அவங்க புருஷன், அவங்களுக்குத்தானே முதலில் தெரிய வேண்டும், நடுவில் நீ யார் என்று காற்றில் கத்தினேன். நீ ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்கினாய். என்னென்னவோ திட்டினேன். எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. முன்பின் தெரியாத ஒருத்தி வீட்டு வாசலில் போய் நின்று எதைச் சொல்லப்போகிறோம் என்று பயமாக இருந்தது.

அவள் வீடு ஊருக்கு வெளியே தோட்டத்தில். பின்னால் கொல்லிமலை அப்படியே நின்றது. அவள் ஒரு ஆட்டுக்குட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து, முதலில் என்ன கேட்டாய் தெரியுமா? தண்ணீர். எனக்கு உன்னை அறையலாம்போல் இருந்தது. இந்த நேரத்தில் தண்ணீர் ஒரு கேடா? அவள் குட்டியை இறக்கிவிட்டுப் போய்ச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். நீ முழுதாகக் குடித்தாய். பிறகு அவளை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னாய்.

"வண்டி கரண்டுக் கம்பியில பட்டிருச்சுங்க சாமி. அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. எப்புடி இருக்காருன்னு எனக்குத் தெரியல. தெரியாததச் சொல்ல மாட்டேன். தெரியற வரைக்கும் நான் இங்கயே இருக்கறேன்."

அவள் குட்டியை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான புட்டியை அதன் வாயிலேயே வைத்திருந்தாள். "அவரு இருக்காருங்களா?" என்று ஒரு முறை கேட்டாள். "தெரியலைங்க" என்றாய். மறுபடி கேட்கவில்லை.

அதற்குள் அவள் கொழுந்தன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். யாரோ அனுப்பிய படம். கருகிப்போன ஒரு வண்டி, பக்கத்தில் துணி மூடி ஏதோ. கீழே தமிழில் இரண்டு வரி, ஆள் போய்விட்டார் என்று. நீ வேலிப் படலிலேயே அவனை மறித்தாய். யார் சொன்னது, வண்டி எண் தெரிகிறதா என்று கேட்டாய். எல்லாரும் அனுப்புகிறார்கள் என்றான். "எல்லாருமாங்க அங்க இருந்தாங்க?" என்றாய். அவன் போனை நீட்டினான். அந்தப் படத்தை நான் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் வண்டியே இல்லை. எப்போதோ எங்கேயோ எரிந்த வேறு வண்டி. கை மாறிக் கை மாறி வந்து, அன்றைக்கு நடந்ததுபோல் சத்தியம் செய்துகொண்டிருந்தது.

மேனேஜர் கூப்பிடும்வரை அந்தத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். வெயில் சாய்ந்து கொட்டகை நிழல் வேலிவரை நீண்டுவிட்டது. குட்டி மட்டும் கத்தியது. உன் போன் அடித்ததும் நீ எடுத்து, கேட்டு, அப்படியே அவளிடம் நீட்டினாய். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் புருஷனே பேசினார். கை வெந்துபோயிருந்தது, உயிர் இருந்தது. அந்த மனிதர் முதலில் கேட்டது, வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டாயா என்று. அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே அவரைக் கண்டபடி வைதாள். எனக்கும் அழுகை வந்தது. உனக்கு மட்டும் வரவில்லை, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாய்.

திரும்பும்போது நாமக்கல்லில் ஒரு பேக்கரியில் டீ குடித்தோம். அங்கேதான் சொன்னாய். உன் கணவர் போர் வண்டி மேனேஜராக வடக்கே போனவர், விபத்தில் இறந்தார் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரிந்துகொண்டாய் என்பது தெரியாது. திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் ஈரோடு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாய், கையில் காய்கறிப் பை. போன் வந்திருக்கிறது. ஒரு குரல் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. உனக்கு இந்தி தெரியாது. பக்கத்து டீக்கடைக்காரர் வடக்கே வண்டி ஓட்டியவர். நம் ஊரில் அப்படிப்பட்ட ஆளைத் தேட வேண்டியதில்லை. போனை அவரிடம் நீட்டியிருக்கிறாய்.

"அவரு கேட்டுட்டு என்னையப் பாத்தாரு. ஒன்னும் சொல்லல. மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். அத்தன சனத்துக்கு நடுவுல ஒத்தையில நின்னேன் சாமி. பைய எங்க வெக்கறதுன்னுகூடத் தெரியல."

பிறகு டீயைக் குடித்தாய். ஆறிப்போயிருந்தது, வேறு வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாய். முதலாளியிடம் முன்பே சொல்லித்தான் அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறாய். அவருக்கு ஆட்சேபணை ஏன் இருக்கப்போகிறது? அந்த வேலையை வேறு யாராவது செய்தால் போதும் என்பது அவர் நிம்மதி. தொலைவில் இருக்கிற குடும்பங்களுக்கு யாரிடம் சொன்னால் உடனே நடந்து போய் நிற்பார்கள் என்று ஊர் ஊராக ஒரு ஆளைப் பிடித்து வைத்திருந்தாய்.

எனக்கு அன்றும் முழுக்க உடன்பாடில்லை, இன்றும் இல்லை. தெரிந்துகொள்கிற உரிமை அவர்களுடையது. நாம் போகிற வழியில் டயர் பஞ்சரானால்? மழை பிடித்தால்? இதையெல்லாம் கேட்டேன். மறைப்பதற்கு இல்லை, சேதி வரும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாய். சரி, அந்த ஒரு ஆளே இல்லாமல் போனால்? ஊரிலுள்ள எல்லாக் குடும்பமும் உன் ஒருத்தியைக் கை காட்டிக்கொண்டு நிற்கிறதே, நீ செத்துக் கித்துப்போனால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டேன். என் வாய்க்கு என்றைக்குக் கதவு இருந்தது?

நீ சிரித்தாய். "அதுக்குத்தான சாமி கை காட்டி வெச்சிருக்கறேன். ஒரு வரிதான். மாத்திக்க."

அந்த ஒரு வரியைத்தான் நான் மாற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் உனக்கு மஞ்சள் ஏறிக் கண்ணெல்லாம் நிறம் மாறியிருந்தபோது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்காமல், போன் எங்கே என்று கேட்டாய். சார்ஜரோடு சேர்த்து என் கையில் வைத்தாய். நான் வேண்டாம் என்றேன். என்னால் முடியாது, எனக்குப் பேசத் தெரியாது, நான் போய் நின்றால் அந்த வீட்டில் சண்டைதான் வரும் என்றேன். எண்ணை மேனேஜருக்கு மாற்றிவிடுகிறேன் என்றுகூடச் சொன்னேன். நீ வாதாடவில்லை. சார்ஜரைப் பற்றி மட்டும் மிரட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

முந்தாநாள் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு சங்ககிரி வழியாகச் சேலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் கிழக்குப் பக்கத்துக்காரர்கள். ஒருவன் அயோத்தியாப்பட்டணம், கல்யாணமாகாதவன், அம்மா மட்டும். இன்னொருவன் அதே ஆத்தூர் ரோட்டில் காரிப்பட்டி தாண்டி, அவனுக்கு மனைவி இருக்கிறாள். அந்தப் பக்கம் நீ பிடித்து வைத்திருந்த ஆள் ஊரைவிட்டே போய்விட்டார், அதுவும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். வழியெல்லாம் மேனேஜரைக் கூப்பிட்டேன். ஒன்றும் தெரியவில்லை என்றார். அந்த அம்மாவின் எண்ணை என் போனில் எழுதிவிட்டு, பச்சைப் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, சேலம் வரும்வரை அப்படியே இருந்தேன். அழுத்திவிட்டால் என் வேலை முடிந்தது. இறங்கித் திரும்பி வந்துவிடலாம். உன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரமாக வந்தது.

அழுத்தவில்லை.

அயோத்தியாப்பட்டணத்தில் அந்த அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவர். நான் போனபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "எத்தன பாக்கெட்டும்மா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்று என்றேன். அவர் எடுத்துக் கொடுத்தார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டு, பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றேன். சேந்தமங்கலத்தில் நீ செய்த எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. தண்ணீர் கேட்க வேண்டும் என்பதுகூட. அவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயிலில் வந்த ஆள் மயங்கப்போகிறது என்று நினைத்தோ என்னவோ, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

குடித்த பிறகுதான் எனக்கு நீ செய்தது புரிந்தது. ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் நாம் அந்நியர் இல்லை. அதற்குப் பிறகு நாம் எதைச் சொன்னாலும் தெருவிலிருந்து சொல்வதாக இருக்காது.

உன் வார்த்தைகளையே சொன்னேன். அடிபட்டிருக்கிறது, எப்படி என்று தெரியவில்லை, தெரிகிறவரை இங்கேயே இருக்கிறேன் என்று. அவர் எழுந்து போய்க் கிரைண்டரை நிறுத்தினார். திரும்பி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நீ எந்த ஊர், எப்படி வந்தாய், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று என்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் உன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடித்தது. எடுத்தேன்.

உனக்கு இது நடக்கவில்லை. சேந்தமங்கலத்தில் உனக்குப் போனை அப்படியே நீட்ட முடிந்தது. எனக்கு நீட்ட ஒன்றும் இல்லை. மேனேஜர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சரிங்க சரிங்க என்று சொல்லிக்கொண்டு, என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன். அந்த டீக்கடைக்காரர் ஞாபகம் வந்தது. திரும்பி அந்த அம்மாவை நேராகப் பார்த்து வாயைத் திறந்து சொன்னேன்.

"தம்பி இல்லைங்கம்மா."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணாடி வளையல் என் தோலில் பதிகிற அளவுக்குப் பிடித்தார். ஏன் வந்தாய், ஏன் வந்தாய் என்று என்னைத்தான் கேட்டார், மகனை எமன் அழைத்துப்போக நான் வண்டி கொண்டுவந்ததுபோல. நான் கையை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள், அவர் தம்பி வந்தார், தெரு நிறைந்தது. அத்தனை அழுகைக்கு நடுவிலும் என் கையை விடவில்லை. நான் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை.

பிறகு, அழுது ஓய்ந்த ஒரு இடைவெளியில், அவர் நிமிர்ந்து, "கூடப் போனவன்?" என்று கேட்டார்.

உயிரோடு இருக்கிறான், உடம்பு வெந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"அவன் பொண்டாட்டிக்கு யார் சொன்னா?"

"இன்னும் இல்லைங்கம்மா. இங்கிருந்து நான்தான் போகணும்."

அவர் என் மணிக்கட்டை விட்டார். கை வெறுமனே கிடந்தது.

"அப்புறம் இங்க ஏம்மா உக்காந்திருக்க? எனக்கு ஆளுங்க வந்துட்டாங்க. அந்தப் பொண்ணு ஒண்டியா இருக்கும். போ."

ஆத்தூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். மாவுப் பாக்கெட் இன்னும் கையிலேயே இருந்தது. ஆபீசிலிருந்து அந்தப் புதுப் பெண் கூப்பிட்டாள். நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு விதைப்புக் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள். கெட்டிக்காரி. அக்கா, முதல் பதிவில் இருப்பது இறந்துபோனவங்க எண்ணாமே, உங்க எண்ணுக்கு மாற்றிவிடட்டுமா, ஒரு வரிதானே என்றாள். அதில் கை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றேன். பாவம், பயந்துவிட்டாள். நாளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டும். அவளுக்கு எப்படிச் சொல்வது? நீ முதலில் இருக்கிறாய், நாங்கள் எல்லாரும் உனக்குக் கீழே எழுதப்பட்டவர்கள். மேலே நீ இருக்கிறவரைதான் எனக்குக் கை காட்ட ஓரிடம் இருக்கிறது. வயசானால் ஒருவேளை மாற்றுவேன். இப்போதைக்குச் சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது.

காரிப்பட்டி தாண்டி இறங்கி, வழி கேட்டு, நடந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. தட்டினேன். சின்னப் பெண், ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே வந்து திறந்தாள். நான் யார் என்று அவள் கண் கேட்டது.

செருப்பைக் கழற்றினேன்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு சாமி" என்றேன்.